கப்பல் வரும் நாளில் கடற்கரை யாருக்கு?



கொழும்புத் துறைமுகத்துக்குள் விடியற்காலையில் ஒரு சொகுசுக் கப்பல் நுழைந்தால், அதில் வந்தவர்களுக்கு இந்த ஊரில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான். பொழுது சாய்ந்ததும் கப்பல் நங்கூரம் தூக்கிவிடும். கங்காராமை, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கொட்டாஞ்சேனைத் தேவாலயம் என்று அவசர அவசரமாகப் பார்த்து முடித்தவர்கள், துறைமுக வாசலில் நிற்கும் முச்சக்கரவண்டிக்காரரிடம் அடுத்ததாகக் கேட்பது கடலைப் பற்றித்தான். எங்கே போனால் குளிக்கலாம்? கிடைக்கும் பதில் பல வேளைகளில் ஒரு ஹோட்டலின் பெயராக இருக்கிறது.

தீவு நாடொன்றின் தலைநகரில், சுற்றிவரக் கடல் இருக்கும்போது, கடலுக்கு வழி ஏன் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையைத் தாண்டிப் போகவேண்டும்? இதே கேள்வியைக் கப்பலில் வந்தவர் மட்டுமல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்தவரும் கேட்கலாம்.

துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் காலிமுகத்திடல் இருக்கிறது. கொம்பனித்தெரு ஆட்களுக்கு அது வீட்டு முற்றம். ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் குடும்பம் குடும்பமாக நடந்தே வந்துவிடுவார்கள். மலாய்க்காரரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒரே தள்ளுவண்டியைச் சுற்றி நின்று இஸ்ஸோ வடை வாங்குவார்கள். வடையின் மேல் ஒட்டியிருக்கும் இறாலைப் பிள்ளைகள் முதலில் பிய்த்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைத் தாயின் கையில் கொடுப்பார்கள். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலையில் கால் நனைப்பார்கள். அவ்வளவுதான். அங்கே மணல் ஒடுங்கியது, கடலின் இழுவை பொல்லாதது. முழுகிக் குளிக்க அது இடமல்ல.

அந்தத் திடலுக்குப் பின்னால் ஊரின் தோற்றம் மாறிவிட்டது. பழைய இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் 2017-இல் ஷங்ரி-லா ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன் அயலில் 2024-இல் ஐடிசி ரத்னதீப வந்தது. வடக்கே, கடலையே நிரப்பி 269 ஹெக்டேரில் துறைமுக நகரம் எழுந்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் புல்தரை மட்டும் எல்லோருக்கும் திறந்தபடி கிடக்கிறது. அது தற்செயலாக நடந்தது அல்ல.

ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856-இல் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859-இல் முடித்தார். அதைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகப் பேணும்படி, தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு கல்லில் பொறித்தும் வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நகர அபிவிருத்தி அதிகார சபை இதே திடலின் முகாமைத்துவத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க உடன்படிக்கை செய்துகொண்டது. அங்கே பெரிய கேளிக்கை வளாகம் ஒன்று அமையவிருந்தது. உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட சுற்றாடல் அமைப்பான என்வயர்மென்டல் ஃபவுண்டேஷனுக்குத் தகவல் கொடுக்கப்படவில்லை. அந்த அமைப்பு 2004-இல் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2005 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உடன்படிக்கை சட்டப்படி செல்லாது என்றும், தகவலை மறுத்தது உரிமை மீறல் என்றும் நீதிமன்றம் சொன்னது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த நாட்டில் வந்ததே 2016-இல்தான். அதற்குப் பதினொரு வருடம் முன்னதாக, ஒரு புல்தரைக்கான வழக்கில் அந்த உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த வழக்கு நடந்திராவிட்டால், இஸ்ஸோ வடை வாங்க வருகிறவர்கள் இன்று நுழைவுச்சீட்டும் வாங்கவேண்டி வந்திருக்கக்கூடும்.

சட்டத்தைக் கேட்டால் அது கரையின் பக்கம்தான் நிற்கிறது. அலை ஏறி இறங்கும் மணற்பரப்பு அரசுக்குரியது. 1981-ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம், உயர் அலை எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் தாழ் அலை எல்லையிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்திருக்கிறது. அதற்குள் எதைக் கட்டுவதானாலும் அனுமதி வேண்டும். ஆகவே எந்த ஹோட்டலும் ஈர மணலைத் தன் சொத்து என்று சொல்ல முடியாது. சிக்கல் மணலில் இல்லை, மணலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. கரைக்குப் பின்னால் உள்ள காணிகள் வரிசையாகக் குத்தகைக்குப் போய், மதிலோடு மதில் ஒட்டி எழுந்துவிட்டால், கரை பொதுச் சொத்தாகவே இருந்தாலும் அங்கே போய்ச்சேரப் பொதுமகனுக்குப் பாதை இராது.

2004 சுனாமிக்குப் பிறகு இது பளிச்செனத் தெரிந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. குடிசையை இழந்த மீனவருக்கு அந்தக் கோடு கடுமையாக இருந்தது. ஹோட்டல்களுக்குத் தளர்வாக இருந்தது. பிறகு கோடு தளர்த்தப்பட்டாலும், உள்ளே தள்ளப்பட்டவர்களில் பலர் கரைக்குத் திரும்பவில்லை. போர் முடிந்தபின் பாசிக்குடாவில், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத அந்த அமைதியான குடாவைச் சுற்றி, ஹோட்டல்கள் அரைவட்டமாக எழுந்தன. தோணி இழுத்து வைத்த இடம் சுருங்கிவிட்டது என்று மீனவர்கள் முறைப்பட்டார்கள். கற்பிட்டியில் 14 தீவுகளைச் சேர்த்து உல்லாசப் பயணத் திட்டம் போட்டபோதும் அதே பயம் எழுந்தது. கரைவலைக்காரருக்குக் கரை என்பது காட்சி அல்ல. வலையை வளைத்துப் போட்டு, இருபக்கமும் ஆள் நின்று கயிற்றை இழுத்து ஏற்ற ஒரு பாடு, அதாவது அதற்கென்று ஒரு துண்டுக் கரை, வேண்டும். பாடு போனால் தொழிலும் போகும்.

வெளியுலகில் இதைவிடத் துலக்கமான உதாரணங்கள் உண்டு. ஹெய்ட்டியின் வடகரையில் லபடீ என்ற தீபகற்பத்தை ரோயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 1980-களிலிருந்து குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, தன் பயணிகளுக்கென்றே நடத்திவந்தது. கப்பலில் வந்தவர் ஹெய்ட்டியின் மணலில் படுத்திருப்பார்; ஹெய்ட்டிக்காரர் வேலிக்கு அப்பால் நிற்பார். ஜமெய்க்காவில் காலனித்துவ ஆட்சி 1956-இல் கொண்டுவந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கரையில் குளிக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமையைத் தரவில்லை. அதை மாற்றும்படி அங்குள்ளவர்கள் இன்றும் போராடுகிறார்கள். பார்படோசிலோ கடற்கரைகள் எல்லோருக்கும் உரியவை. ஹோட்டல் வாசலுக்கு முன்னாலும் உள்ளூர்க்காரர் துவாய் விரிக்கலாம்.

சரி, ஒருநாள் பயணி ஹோட்டலுக்குக் காசு கொடுத்து எதை வாங்குகிறார்? கடலையல்ல. சுத்தமான மலசலகூடம், உப்பைக் கழுவ நல்ல தண்ணீர், உடுப்பு மாற்ற நாலு சுவர், பையை நம்பி வைக்க ஒரு பெட்டி, கொஞ்சம் நிழல், ஆபத்தென்றால் ஓடிவர ஓர் ஆள். இவற்றில் ஒன்றுகூட நட்சத்திர ஹோட்டலால் மட்டும் செய்யக்கூடிய காரியம் இல்லை.

கொம்பனித்தெருவின் பழைய புகையிரத நிலையத்தில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை உரசிக்கொண்டே போய்க் கல்கிசையில் இறங்கலாம். இந்தத் தீவின் மிக அழகான மலிவுப் பயணங்களில் அது ஒன்று. நிலையத்திலிருந்து கடற்கரை சில நிமிட நடை. ஆளுநர் மெயிட்லண்டின் மாளிகையாகத் தொடங்கிய மவுண்ட் லவினியா ஹோட்டல் ஒரு பக்கம் மேட்டில் நிற்கிறது. மறுபக்கம் பொதுக் கடற்கரை. விடுமுறை நாளில் அங்கே போனால் பார்க்கலாம்: தங்கச்சி உடுப்பு மாற்ற, அக்கா இரண்டு கையாலும் துவாயைப் பிடித்துத் திரை கட்டி நிற்பாள். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல் தண்ணீரால் சின்னவனின் கால் மணலைக் கழுவிவிடுவார். வெள்ளவத்தையில் இதுகூட எளிதல்ல. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால்தான் கரை. வயதானவர்கள் அதற்குப் பயந்தே கடலைத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கப்பல்கள் கூடுதலாக வருவது கடல் அமைதியாக இருக்கும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அந்தக் காலத்துக்கு முன் தெஹிவளை-கல்கிசை மாநகர சபை, கட்டணம் குறைந்த ஒரு குளியலறைத் தொகுதியையும் உடுப்பு மாற்றும் அறைகளையும் பூட்டுப் பெட்டிகளையும் பொதுக் கரையில் அமைத்தால், கப்பல் பயணிக்கும் வசதி, துவாயைப் பிடித்து நிற்கும் அக்காவுக்கும் விடுதலை. பயணியின் பணம் ஒரே கல்லாவில் விழாமல் தேநீர்க்கடை, இளநீர்க்காரர், முச்சக்கரவண்டி என்று பரவும். வெளிநாட்டவருக்கென்று தனிக் கரை பிரிப்பதைவிட இது மலிவு. முறையாகப் பராமரிக்க ஆளும் ஒழுங்கும் மட்டும் தவறக்கூடாது. திறப்புவிழாவோடு பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களை நாடு நிறையவே பார்த்துவிட்டது.

வடக்கில் இந்த வேலைக்கு இப்போதே நேரம் வந்துவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியது. காங்கேசன்துறைக் கரையோ 1990-இல் மக்கள் வெளியேற்றப்பட்டு உயர் பாதுகாப்பு வலயமான பகுதி. போருக்குப் பின் அங்கே இராணுவம் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்துகிறது. சொந்த ஊர்க் கடலைப் பார்க்க வழியின்றி முகாம்களில் வருடக்கணக்காக இருந்த குடும்பங்களுக்கு, அதே கடலோரத்தில் அறை வாடகைக்குக் கிடைக்கும் என்ற செய்தி எப்படி வலித்திருக்கும். அயலில் உள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மீனவர்களிடம் திரும்பியது.

காங்கேசன்துறைத் துறைமுகத்தை விரிவாக்கும் செலவை ஏற்க 2024-இல் இந்தியா இணங்கியிருக்கிறது. இறங்குதுறைக்கும் சுங்கக் கட்டடத்துக்கும் வரைபடம் போடுகிறவர்கள், துறைமுக வாசலிலிருந்து மணல்வரை ஒரு பொதுப் பாதையையும் அதே தாளில் இப்போதே வரைந்துவிடவேண்டும். அதன் முடிவில் குளியலறைகள் எங்கே வரும், தோணிகள் எங்கே நிற்கும் என்பதை மயிலிட்டி, காங்கேசன்துறை மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவேண்டும். கரையோரக் காணிகள் குத்தகைக்குப் போகுமுன் அது நடக்கவேண்டும்.