மடியில் விரியும் மார்கழி
(மழலையருக்கான கிறிஸ்துமஸ் படநூல்கள் குறித்த சொற்பொழிவு)



மூன்று அகவை நிரம்பாத குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. எனினும் அது நூல் படிக்கிறது. தாயின் மடியில் அமர்ந்து, படத்தைக் கண்ணாலும் சொல்லைச் செவியாலும் படிக்கிறது. கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் அந்த மடியில் விரிக்கத்தக்க நூல் எது? வினா சிறியதுதான். ஆனால் குழந்தை இவ்விழாவைத் தன் தெருவின் விழாவாக அறியுமா, எங்கோ நடக்கும் வேடிக்கையாகக் காணுமா என்பது இதன் விடையைப் பொறுத்தது.

மதுரைக்கு இவ்விழா புதிதன்று. இராபர்ட் தெ நொபிலி இந்நகருக்கு வந்த ஆண்டு 1606. மதுரை மறைப்பணியில் ஈடுபட்ட வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தேம்பாவணி பாடி, பெத்லகேம் குழந்தையின் வளர்ப்புத் தந்தையான சூசையின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கினார். யூதேயாவை வருணிக்கையில் தமிழ்நிலத்து வளத்தையே அவர் எழுதிக்காட்டினார். இன்று கீழவெளி வீதியிலும் நரிமேட்டிலும் விண்மீன் விளக்குகள் தொங்குகின்றன. பலகாரத் தட்டுகள் சமயம் பாராமல் அயல்வீடுகளுக்குச் செல்கின்றன. காப்பியம் அன்றே இங்கு வந்து குடியேறிவிட்டது. படநூலோ இன்னும் வழியிலேயே நிற்கிறது.

கைக்குக் கிடைக்கும் கிறிஸ்துமஸ் படநூல்களுள் பல குளிர்நாடுகளில் பிறந்தவை. அவற்றில் கூரை வெண்மை, மரம் வெண்மை, வழியும் வெண்மை. தமிழாக்கியோர் அவ்வெண்மைக்குப் 'பனி' என்று பெயரிடுகின்றனர். மதுரைக் குழந்தையும் பனியை அறியும். மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று கதிரவன் எழுந்ததும் மறையும் நீர்த்துளி அது. தலையில் துணி போர்த்தச் செய்யும் ஈரக்காற்று அது. சொல் ஒன்றைக் காட்ட, படம் வேறொன்றைக் காட்டினால், மொழியை அப்பொழுதுதான் பற்றத் தொடங்கும் குழந்தை எதனை நம்பும்? ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு அயல்நாட்டு வெண்பனி வியப்பூட்டும். அதனை விளக்கவும் இயலும். இரண்டு வயதில் படமும் சொல்லும் ஒன்றாதல் வேண்டும்.

அவ்வாறாயின் தேர்வுக்கு அளவுகோல் யாது? அதனைத் தேடி வெளியே செல்லவேண்டியதில்லை. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய ஊர் இது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துக் காண்கிறது. ஐந்தாம் மாதச் செங்கீரையில் குழந்தை தலை நிமிர்த்தி அசைகிறது. தாலில் தாலாட்டுக் கேட்கிறது. ஒன்பதாம் மாதச் சப்பாணியில் கை கொட்டுகிறது. அம்புலியில் வானத்து நிலவை விளையாட அழைக்கிறது. படநூலையும் இப்பருவங்களைக் கொண்டே அளக்கலாம்.

செங்கீரைப் பருவத்துக் குழந்தை நூலைக் கடித்துச் சுவைக்கும். எனவே, கெட்டி அட்டைத்தாள், மழுங்கிய முனைகள், பக்கத்திற்கு ஒரே உருவம், அழுத்தமான கோடு ஆகியவை வேண்டும். நெதர்லாந்து ஓவியர் டிக் புருனாவின் கிறிஸ்துமஸ் படநூல் இதற்குச் சான்று. தடித்த கருங்கோடும் தட்டையான வண்ணமுமே அவருடைய படமொழி. ஒரு குழந்தை முகத்திற்கு அவை போதும். தால் பருவத்திற்குச் சீரும் சந்தமும் உள்ள சில அடிகள் வேண்டும். சேலைத் தொட்டிலை ஆட்டியவாறே சொல்ல வரவேண்டும். சப்பாணிக்கு மீண்டும் மீண்டும் வரும் ஒலி வேண்டும்: ஆட்டின் குரல், மணியின் ஓசை. அம்புலியை அழைக்கும் குழந்தைக்கு விண்மீனைச் சுட்டிக்காட்ட ஒரு பக்கம் போதும்.

மூன்று வயதை நெருங்கும்போது கதை வேண்டும். பிரையன் வைல்ட்ஸ்மித் 1989-இல் வெளியிட்ட நூலில், மரியாளைச் சுமந்து செல்லும் தாய்க்கழுதையைத் தேடி அதன் குட்டி ஒரு சிறுமியுடன் புறப்படுகிறது. இறையியல் அறியாத குழந்தைக்கும் தாயைத் தேடும் துயர் விளங்கும். ஏரோதின் கொலைச்செயலைப் படமாக்கும் நூலை இவ்வயதில் தவிர்ப்பதே நன்று.

அடுத்தது சொல். 'முன்னணை' என்பது விவிலியத் தமிழ்; அழகிய சொல். ஆயினும் மழலைக்கு 'மாட்டுத் தொட்டி' என்றால்தான் கண்முன் தோன்றும். 'சத்திரத்தில் இடமில்லை' என்பதை விளக்க மதுரைத் தாய்க்கு அகராதி வேண்டா. இரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. இரவில் மந்தை காத்த இடையரைக் காட்டவும் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டுக் காவல் இருக்கும் கீதாரிகளை, மதுரையைச் சூழ்ந்த சமவெளி நன்கறியும்.

இவ்வாறு வரைவது மூலத்தைச் சிதைப்பதாகாதா என்று சிலர் அஞ்சலாம். லூக்கா நற்செய்தியின் பிறப்புக் காட்சியில் எருதும் இல்லை, கழுதையும் இல்லை. மத்தேயு, ஞானியர் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கூறவில்லை. காணிக்கை மூன்றாதலால் மூவர் என்பது வழக்காயிற்று. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள எருதையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். ஒவ்வொரு நிலமும் தன் கால்நடையையும் தன் முகத்தையும் அக்குடிலுக்குள் கொண்டுவந்தது. மதுரைச் சீமையின் புலிக்குளம் மாடு அங்கே நிற்பதில் தவறில்லை. மரியாள் கருநிற முகத்தினளாய் இருப்பதிலும் தவறில்லை. தன் அன்னையின் நிறத்தை நூலில் காணாத குழந்தை, அழகும் தெய்வத்தன்மையும் வேறு நிறத்துக்கே உரியவை எனச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. படநூல் தேர்வில் உள்ள பெரும்பொறுப்பு இதுவே.

1996-இல் சென்னையில் தோன்றிய தூலிகா பதிப்பகம் போன்றவை இந்நாட்டு முகங்களோடு தமிழ்ப் படநூல்களை வெளியிட்டு வந்துள்ளன. மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. ஓவியர் உளர், நூலகம் உண்டு, மடியும் காத்திருக்கிறது. கிறிஸ்துமஸைத் தமிழ் மழலைக்குச் சொல்லும் பத்து வரிகளே மிகுதியாக வேண்டப்படுகின்றன.

அவ்வரிகளை எழுதுவது எளிய பணி அன்று. இரண்டு வயதுக் குழந்தையிடம் அணிநயம் செல்லாது. பொய்யான சொல் வந்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெய்யான சொல் வந்தால் நூறு முறை கேட்கும். கவிஞனுக்கு அதனினும் கடுமையான அரங்கேற்றம் ஏது? பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. இந்த இலக்கிய வட்டத்திற்கும் ஆண்டுகள் பத்து. அடுத்த மார்கழிக்குள் இவ்வட்டத்துக் கவிஞர் ஒருவரேனும் ஒரு தாயின் மடிக்கு ஒரு சிறு நூலைத் தருவாராயின், பத்தாண்டு நிறைவுக்கு அதுவே தக்க அணிகலன்.