பாடத் தெரியாதவங்களுக்கும் ஊழியம் இருக்கு



போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அக்கா, எனக்குப் பாட வராது, மைக் பிடிச்சுப் பேசவும் வராது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எக்ஸெல் ஷீட்தான். இதை வெச்சு ஆண்டவருக்கு என்ன செய்ய முடியும்?" நம்மில் நிறைய பேருக்கு இதே கேள்வி இருக்கு, இல்லையா? இன்னைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போறோம்.

முதலில் ஒருவருடைய கதை. டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். படிப்புக்காக இங்கிலாந்து போனார். அவர் அங்கே இருந்தபோதே, 1929-ல், அப்பா இங்கே மலையில் காய்ச்சலில் இறந்துவிட்டார். பள்ளி முடிந்ததும் அவர் நேராக மருத்துவம் படிக்கப் போகவில்லை. சில வருஷம் தச்சு வேலை, கொத்து வேலை என்று கட்டடத் தொழில்தான் கற்றுக்கொண்டார். அப்புறம்தான் மருத்துவப் படிப்பு. அப்போ அந்த வருஷங்கள் எல்லாம் வேஸ்ட்டா?

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறார். அதற்குப் பிறகு செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ஒருமுறை போகிறார். அங்கே எங்கே பார்த்தாலும் மடங்கிப்போன விரல்கள். 'இதுக்கு யாரும் ஆபரேஷன் செய்து பார்க்கவில்லையா?' என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ஒருவருடைய மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தபோது, அந்தப் பிடியில் நல்ல பலம் இருந்தது. அப்படின்னா எல்லாத் தசையும் செத்துப்போகவில்லை! வேலை செய்கிற தசையின் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை மறுபடியும் இயங்க வைக்கும் அறுவை சிகிச்சையை அவரும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள்.

கை சரியாகிவிட்டது. ஆனா, அந்தக் கைக்கு வேலை யார் கொடுப்பா? ஊர் ஒதுக்கி வைத்தவங்களாச்சே! அதனால் வேலூரில் அவர்களுக்காக நவஜீவ நிலையம் தொடங்கினார்கள். அங்கே தச்சுப் பட்டறை வந்தது, மரப் பொம்மைகள் செய்யப் பழக்கினார்கள். உணர்ச்சியில்லாத கைக்குக் காயம் படுவதே தெரியாது. அப்படிப்பட்ட கைகள் கருவிகளை எப்படிப் பாதுகாப்பாகப் பிடிக்க வேண்டும் என்று யோசிக்க, மரத்தையும் உளியையும் பழகிய ஒரு டாக்டர் அங்கே இருந்தார். வேஸ்ட் என்று நினைக்கக்கூடிய அந்த வருஷங்கள்தான் அங்கே கைகொடுத்தன.

ஒன்றைக் கவனிங்க ஃப்ரெண்ட்ஸ். 'என் திறமைக்கு மேடை எங்கே?' என்று அவர் தேடவில்லை. முதலில் மடங்கின கையைப் பார்த்தார். தன்னிடம் என்ன இருக்கு என்பது அப்புறம்தான் வந்தது.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவள். சபைக்குப் போஸ்டர் டிசைன் பண்ணுவேன். ஒருமுறை நன்றி சொல்லும்போது என் பெயர் விட்டுப்போச்சு. ரெண்டு மாசம் லேப்டாப்பையே திறக்கலை. 'ஊழியம்'னு நான் சொல்லிக்கிட்டிருந்தது எனக்காகத்தான் என்று அப்போ புரிஞ்சுது. அப்புறம் எங்க தெருவில் முறுக்கு விற்கிற ஆன்ட்டி, "பாக்கெட்டில் ஒட்ட ஒரு லேபிள் போட்டுத் தர்றியாமா?" என்று கேட்டாங்க. அரை மணி நேர வேலைதான். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. ஆனா அன்னைக்கு வந்த சந்தோஷம், எந்தப் போஸ்டரிலும் வந்ததில்லை.

அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் எதைக் காட்டினாங்க? அவங்க தைத்துக் கொடுத்த துணிகளை! ஊசியும் நூலும்தான் தொற்காளின் ஊழியம்.

அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான்: உங்க சபையிலேயே வட்டிக் கணக்குப் புரியாமல் கடனில் தவிக்கிற ஒரு குடும்பம் இருக்கலாம். முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருக்கலாம். உங்க எக்ஸெல் ஷீட்டைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்க. 'என் வரம் என்ன?' என்று கேட்பதற்கு முன்னால், 'என் பக்கத்தில் மடங்கிக் கிடக்கிற கை யாருடையது?' என்று ஜெபத்தில் கேளுங்க. பெயர் வந்தால், போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். காட் பிளெஸ் யூ!