இறக்கையில் படர்ந்த வெண்மை



இந்தியாவில் உருவான மாருத் போர் விமானம் 1961-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 சென்டிமீட்டர். ஒரு சாண் எனலாம். அத்தகைய மாதிரி ஒன்றை வேதாரண்யத்தில், ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில் செய்து முடித்தேன். கடைசியாக லாக்கர் வகை வார்னிஷைத் தெளித்த சற்று நேரத்தில், இறக்கைகள் மீது பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்தது. பல நாள் உழைப்பு வீணாயிற்றோ என்று மனம் கலங்கினேன்.

காரணம் எளிது. உப்பளத்தில் நீர் ஆவியாகி உப்பு எஞ்சுகிறது. வார்னிஷில் கரைப்பான் ஆவியாகிப் படலம் எஞ்சுகிறது. ஆவியாகும் திரவம் தான் இருந்த இடத்தைக் குளிர்விக்கும். கரைப்பான் மிக விரைந்து ஆவியானால், காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து படலத்தில் சிக்கிக்கொள்கிறது. அதுவே அவ்வெண்மை.

சுரண்ட வேண்டுவதில்லை. வறண்ட வெயில் நாள் வரும்வரை பொறுத்திருந்தேன். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்த வார்னிஷை, இறக்கையின் அடிப்பக்கத்தில் முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு எங்கும் மெல்லியதாகத் தெளித்தேன். பழைய படலம் இளகியது; சிக்கிய ஈரம் வெளியேறியது; வெண்மை மறைந்தது.

உப்பளத் தொழிலாளர் வானத்தைப் பார்த்தே பாத்தியில் நீர் பாய்ச்சுவர். வார்னிஷ் புட்டியைத் திறக்குமுன் நீங்களும் ஒருமுறை வானத்தைப் பாருங்கள்.