கதவு மறைந்த மலை



ஜப்பானின் நாகானோ நகரைச் சேர்ந்த மலைக்காட்டில் தொகாகுஷி என்றொரு ஷிண்டோ மதத் திருத்தலம் இருக்கிறது. ஐந்து கோயில்கள். அவற்றில் மிக மேலே இருக்கும் ஒகுஷாவுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் போக வேண்டும். பாதி வழியில் கூரை வேய்ந்த ஒரு சிவப்பு வாயில். அதைத் தாண்டியதும், நானூறு வயதான சுகி மரங்கள் இருபுறமும் வானை மறைத்து நிற்கின்றன.

தொகாகுஷி என்ற பெயரில் கதவும் இருக்கிறது, மறைப்பும் இருக்கிறது. எந்தக் கதவு? அதற்கு இரண்டு கதைகள்.

தம்பியின் அட்டகாசம் பொறுக்காமல் சூரிய தேவி அமதெராசு குகைக்குள் ஒளிந்துகொண்டாள். உலகம் இருண்டது. உசுமே என்ற பெண் தெய்வம் ஆட, மற்ற தெய்வங்கள் வாய்விட்டுச் சிரித்தன. என்ன சத்தம் என்று அமதெராசு எட்டிப் பார்த்த நொடியில், பலசாலியான தஜிகராவோ பாறைக் கதவைப் பெயர்த்து வீசினான். அது பறந்து வந்து விழுந்த இடம்தான் இந்த மலையாம். தஜிகராவோவுக்கு ஒகுஷா. உசுமேவுக்கும் இங்கே தனிக் கோயில் உண்டு.

எனக்கு நெருக்கமானது மற்ற கதை. 849ஆம் ஆண்டில் ககுமோன் என்ற துறவி இங்கே தவமிருந்தார். ஒன்பது தலை நாகம் ஒன்று அவர் முன் வந்தது. "நான் இந்தக் கோயிலை நிர்வகித்தவன். காணிக்கையில் கை வைத்ததால் இந்த உருவானேன்" என்றது. துறவி தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலை ஓதினார். நாகம் அமைதியாகிக் குகைக்குள் போனது; பாறை வாயிலை மூடியது. அந்தப் பாறைதான் கதவு.

தவறு செய்த மனிதனை மலைமக்கள் அப்படியே விட்டுவிடவில்லை. நீருக்கு அதிபதியாக்கி, மழை கேட்டுக் கும்பிட்டார்கள். ஒகுஷாவின் பக்கத்திலேயே குசுரியூ என்ற பெயரில் அவனுக்குக் கோயில்.

பல நூற்றாண்டுகள் இது பௌத்தமும் ஷிண்டோவும் கலந்த தலமாகத்தான் இருந்தது. 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. பௌத்தப் பெயர்கள் போயின. வாயிலில் நின்ற காவல் சிலைகளும் அகற்றப்பட்டன. எத்தனை தலைமுறை வழிபாட்டை ஓர் ஆணை கிழித்துப்போட்டது என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

நாகத்தை மட்டும் யாரும் அகற்றவில்லை. அதற்குப் பேரிக்காய் பிடிக்குமாம், பல்வலியும் தீர்த்துவைக்குமாம். அதனால் பல்வலிக்காரர்கள் பேரிக்காயைக் காணிக்கையாகப் படைத்து, தாங்கள் அதைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார்கள்.