ஒரே கூடம், ஊர் முழுதும் உயிர்!
(சொற்பொழிவின் ஒரு பகுதி)



மருத்துவமனை என்றதும் மருத்துவர் நினைவுக்கு வருகிறார். மருந்து நினைவுக்கு வருகிறது. நோயாளியின் குருதியைச் சோதித்து, நோய் இன்னதென்று மருத்துவருக்கே எடுத்துரைக்கும் ஆய்வுக்கூடம் மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால், சிக்கனம் பேசும் ஆட்சியாளர் அதை மறப்பதில்லை!

இங்கிலாந்தைப் பாருங்கள். கார்ட்டர் பிரபுவின் குழு 2006-லும் 2008-லும் அறிக்கைகள் தந்தது. சிதறிக் கிடக்கும் ஆய்வுக்கூடங்களை ஒன்று சேர்த்தால் செலவு குறையும், தரம் உயரும் என்றது. 2017-ல், 122 ஆய்வுப் பிரிவுகளை 29 இணைப்புகளாக்கும் திட்டம் வெளிவந்தது. ஆண்டுக்கு 20 கோடி பவுன் மிச்சமாகும் என்றனர். நடுவிலே பெருங்கூடம்; மருத்துவமனைகளிலே அவசரச் சோதனைக்கு மட்டும் சிறுகூடம். இதுவே ஏற்பாடு.

இயந்திரத்தைப் பழிப்பவனல்லன் நான். அமெரிக்க அறிஞர் ஸ்கெக்ஸ் கண்ட தானியங்கிச் சோதனைக் கருவி 1957-ல் விற்பனைக்கு வந்தது. கை சலிக்கச் செய்த வேலையை அது சலிக்காமல் செய்தது. 1980-களில் ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் சசாகி என்பார், குருதிக் குழாய்களைக் கருவிக்குக் கருவி ஏந்திச் செல்லும் நகரும் பட்டையையே அமைத்துக் காட்டினார். இவை அறிவின் வெற்றிகள், ஐயமில்லை.

ஆயினும், 2024 ஜூன் 3-ஆம் நாள் இலண்டனில் நடந்ததென்ன? பல மருத்துவமனைகளுக்குப் பொதுவான ஆய்வு நிறுவனத்தின் கணிப்பொறிகளை, பணம் பறிக்கும் கொள்ளையர் முடக்கினர். முடங்கியது ஒரு நிறுவனம். தவித்தனவோ பல மருத்துவமனைகள்! குருதி வகையை விரைந்து பொருத்திப் பார்க்க வழியில்லை. எவருக்கும் பெரும்பாலும் ஏற்ற 'ஓ' வகைக் குருதியையே நாட வேண்டியதாயிற்று; அதைக் கொடுங்கள் என்று மக்களிடம் வேண்டுகோள் பிறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புறநோயாளர் சந்திப்புகளும், 1,700-க்கு மேற்பட்ட சிகிச்சைகளும் தள்ளிப் போயின. சோதனை முடிவு வரத் தாமதமானதும் ஒரு நோயாளியின் மரணத்துக்குக் காரணங்களுள் ஒன்று என்று 2025-ல் மருத்துவமனை நிர்வாகமே அறிவித்தது.

பல விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே பெருவிளக்கை ஏற்றுவோர், அது அணைந்தால் என் செய்வது என்று எண்ண வேண்டாமா?

ஒன்று சேர்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், உயிர் காக்கும் சோதனை நோயாளியின் அருகிலேயே நடக்கட்டும். பெருங்கூடம் முடங்கினால் கைகொடுக்க மற்றொரு கூடம் ஆயத்தமாக இருக்கட்டும். கருவி ஓய்ந்தாலும் கைவேலை அறிந்த ஊழியர் இருக்கட்டும். மிச்சமான பணத்திலே இவற்றுக்கு முதற்பங்கு ஒதுக்கட்டும்.

சிக்கனம் நல்லது, தோழர்களே! ஆனால், அதன் விலையை நோயாளி செலுத்துவாரானால், அதற்குச் சிக்கனம் என்று பெயரல்ல!