பசியை அடக்கிய கிழங்கு

காலைப் பலகாரம் முடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சமையலறைப் பக்கம் கால் போகிறதா? மனசைத் திட்டாதீர்கள். தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளைச் சோதித்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 240 கலோரி அளவு. சாப்பிட்டவர்களிடம் இரண்டு மணி நேரம், கால் மணிக்கொரு தடவை, வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டார்கள். பிறகு இஷ்டம்போல் சாப்பிடவிட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்றும் கவனித்தார்கள்.

வயிறு நிறைவதற்கான மதிப்பெண்ணில் வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டார்கள். முதலிடம் யாருக்கு? உடம்பு போடும் என்று நாம் ஒதுக்கிவைக்கிற உருளைக்கிழங்குக்கு! வேகவைத்த கிழங்கு 323 வாங்கியது. மீனும் ஓட்ஸ் கஞ்சியும் ஆரஞ்சும் 200-ஐத் தாண்டின. வெண்ணெய் மிகுந்த குரோசான் ரொட்டிக்கு வெறும் 47.

வயிறு கலோரியை எண்ணுவதில்லை; தான் விரிவதைத்தான் முதலில் உணர்கிறது. 240 கலோரிக்கு வெந்த கிழங்கு கால் கிலோவுக்கு மேல் வேண்டும். குரோசான் 60 கிராம் போதும், நாலு வாயில் தீர்ந்துவிடும். நீர், நார்ச்சத்து, புரதம் கூடுதலாக இருந்தவை பசியைத் தள்ளிப்போட்டன. கொழுப்பு மிகுந்தவை அந்த அளவுக்குத் தாங்கவில்லை.

அதே கிழங்கை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தபோது மதிப்பெண் 116-க்கு இறங்கிவிட்டது.

அப்படியானால் பூரிக்கிழங்கு எந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள். சிட்னிக்காரர்கள் பூரியைச் சோதிக்கவில்லை!