பெட்டியைத் திறந்து காட்டுவோம்

(திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் கணினி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கணினியின் பாகங்களைப் படம் வரைந்து குறிக்கச் சொன்னால் நம் மாணவர்கள் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பெட்டியைத் திறந்து ராம் எது என்று கேட்டால் தயங்குவார்கள். அரசுப் பொருள் பழுதாகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் நமக்கு. அதனால் பெட்டி மூடியே கிடக்கிறது. பயன்பாட்டிலிருந்து விலக்கிய பழைய கணினி ஒன்று இருந்தால், தலைமையாசிரியரின் அனுமதி பெற்று அதிலிருந்து தொடங்குங்கள்.

பெட்டி பெரியதாக இருந்தால் நல்லது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பின்படி முழு அளவு மதர்போர்டு 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம் உடையது. அதைச் சுற்றி இடம் இருந்தால் நான்கு பிள்ளைகள் நின்று பார்க்கலாம், கை நுழையும், ஸ்குரு விழுந்தால் எடுக்கலாம்.

"இவ்வளவு இடம் ஏன் சார் காலியா இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசல், ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நேர்கோட்டில் நீளும். வாசலில் நுழையும் காற்று கொல்லைப்புறம் போய்விடும். சூடு முற்றத்தின் வழியே மேலேறும். கணினிப் பெட்டியும் அப்படித்தான். முன்பக்க விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ளும். நடுவே ஒயர்கள் குறுக்கே கிடந்தால் ரேழியில் மூட்டை அடுக்கியது போலத்தான். ஒயர்களை ஓரமாகக் கட்டிவிட வேண்டும். திருச்சி வெயிலுக்கும் தூசிக்கும் இது மிக அவசியம்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பிராசசரையும் ராமையும் மேசை மேலேயே மதர்போர்டில் பொருத்திவிடலாம். பிராசசரின் மூலையிலுள்ள முக்கோணக் குறி, சாக்கெட்டின் குறியோடு சேர வேண்டும். ராமின் வெட்டு சரியாக அமைந்தால்தான் உள்ளே இறங்கும். பிறகு போர்டைப் பெட்டிக்குள் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் மாணவர்கள் பிரிக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு இருந்த பெட்டியில், முழு அளவு போர்டு ஒன்றை மாணவர்களோடு பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடியும் அதேதான். போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்போது குறிப்பெழுதிக்கொண்டிருந்த மாணவி, "சார், நாம தாங்கிகளை எண்ணவே இல்லையே" என்றாள். போர்டைக் கழற்றிப் பார்த்தோம். பழைய போர்டுக்காக வைத்திருந்த பித்தளைத் தாங்கி ஒன்று, புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. ஷார்ட் ஆனதால் எஸ்எம்பிஎஸ் தானாக நின்றிருக்கிறது. அந்தத் தாங்கியைக் கழற்றியதும் கணினி உயிர்பெற்றது.

அன்று திருப்புளி முழுக்க மாணவர்கள் கையில்தான் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவளிடம் நோட்டைக் கொடுத்தவன் நான்தான். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் குழுவில் திருப்புளி முறைவைத்துக் கைமாறும், நோட்டும் அப்படியே. போர்டை வைக்கும் முன் துளைகளையும் தாங்கிகளையும் ஒருவர் உரக்க எண்ணுவார்.

ஆசிரியர்களே, தவறு நடக்கும். அதை மாணவர் முன்னால் தேடிக் கண்டுபிடிப்பதும் பாடம்தான். அடுத்த வாரம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.